தண்ணீர் வற்றிய பிறகு சதுப்பின் எல்லையை மண்ணில் தேடுவது எப்படி?

கேள்வி: மரக்காணம் வட்டாரத்தில் கழுவெளியை ஒட்டியுள்ள எங்கள் ஊரில், சதுப்பு நிலத்தின் விளிம்பைக் களத்தில் சரிபார்க்கும் குழுவுக்கு இளைஞர்கள் சிலர் உதவி வருகிறோம். நாங்கள் போகும் மே, ஜூன் மாதங்களில் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிவிடுகிறது. அங்கே ஆடு மேய்கிறது, சீமைக்கருவேலம் நிற்கிறது. "தண்ணீரே இல்லாத இடம் எப்படிச் சதுப்பாகும்?" என்று மனை விற்பவர்கள் கேட்கிறார்கள். கருத்த மண் எல்லாம் கழுவெளி மண்தான் என்கிறார் ஊர்ப் பெரியவர் ஒருவர். நாற்றம் அடித்தால்தான் சதுப்பு என்கிறார் உடன் வரும் அளவர். ஒரு பக்கம் செம்மண் சரிவு, ஒரு பக்கம் நெல் வயல், கிழக்கே மணல். ஓரிடத்தில் சவுடு கொட்டி நிரவியும் இருக்கிறார்கள். எந்த அடையாளத்தை நம்புவது? எவ்வளவு ஆழம் தோண்டுவது? கோட்டை எங்கே போடுவது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. இந்த மண் நீரில் ஊறி உருவானதா என்பது ஒன்று. அப்படி உருவான மண் எந்த இடத்தில் முடிகிறது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஒரு குழி போதும். இரண்டாவதற்குக் குறைந்தது இரண்டு குழிகள் வேண்டும்: ஐயத்துக்கு இடமின்றிச் சதுப்பாக இருக்கும் பக்கத்தில் ஒன்று, ஐயத்துக்கு இடமின்றி மேடாக இருக்கும் பக்கத்தில் ஒன்று. இரண்டுக்கும் இடையே மண் எப்படி மாறுகிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் எல்லை காணும் வேலை. ஒற்றைக் குழியை வைத்துக்கொண்டு கோடு போடும் எவரையும், அவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும், நம்பாதீர்கள்.

மனை விற்பவர்களின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சதுப்பு உள்ளிட்ட ஈரநிலங்களைக் காப்பதற்கான 1971 ஆம் ஆண்டின் பன்னாட்டு ராம்சர் உடன்படிக்கை, நிலையாகவோ தற்காலிகமாகவோ நீர் நிற்கும் பகுதிகள் இரண்டையும் ஈரநிலம் என்றே வரையறுக்கிறது. இந்தியாவின் 2017 ஆம் ஆண்டு ஈரநிலப் பாதுகாப்பு விதிகளும் அந்த வரையறையைத் தழுவியவை. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் நம் கடலோரத்தில், அக்டோபரில் நிரம்பித் தை, மாசியில் வடியத் தொடங்கிச் சித்திரையில் வெடித்துக் கிடப்பதுதான் ஒரு சதுப்பின் இயல்பான ஆண்டு. எனவே ஜூன் மாதத்தில் தண்ணீர் இல்லை என்பது எதையும் மறுக்கும் சான்று ஆகாது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, தண்ணீர் வந்து போன பல ஆண்டுகளின் தடம் மண்ணில் இருக்கிறதா என்பதே.

அந்தத் தடம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் வேர், இலை போன்ற மட்கும் பொருள்களைச் சிதைப்பதற்கு ஆக்சிஜனைப் பயன்படுத்துகின்றன. மண்துளைகள் முழுவதும் நீர் நிரம்பிவிட்டால் புதிய ஆக்சிஜன் உள்ளே வருவது ஏறக்குறைய நின்றுபோகிறது. இருப்பதும் நம் வெப்பநிலையில் சில நாள்களிலேயே தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகு அந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டையும், அடுத்து மாங்கனீசையும், அடுத்து இரும்பையும், அதற்கும் பின்னால் சல்பேட்டையும் பயன்படுத்தத் தொடங்குகின்றன. இந்த வரிசையில் எல்லைப் பணிக்கு மிகவும் உதவுவது இரும்பு. காற்றோட்டமுள்ள மண்ணில் அது துருவாக மண்துகள்களின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து, பழுப்பு, மஞ்சள், சிவப்பு நிறங்களைத் தருகிறது. ஆக்சிஜன் இல்லாத நிலையில் அதே இரும்பு பெரஸ் வடிவத்துக்கு மாறி, நீரில் கரைந்து இடம் பெயர்கிறது. பூச்சு போன இடத்தில் துகள்களின் சொந்த நிறமான சாம்பல் தெரிகிறது. பெயர்ந்து போன இரும்பு, வேர்த்துளை, வெடிப்பு, பூச்சி போன வழி என்று காற்று எட்டும் இடங்களில் மறுபடியும் துருவாகப் படிகிறது. சாம்பல் பரப்பில் ஆரஞ்சுத் துருக்கோடுகள் ஓடும் அந்த அமைப்பு, தண்ணீர் வற்றியதும் மறைந்துவிடுவதில்லை. கரைந்து நகர்ந்துவிட்ட இரும்பு, மண் காய்ந்த காரணத்தால் பழைய இடத்துக்குத் திரும்பி வராது.

இனித் தோண்டும் முறை. சரணாலயமாக அறிவிக்கப்பட்ட எல்லைக்குள் குழி தோண்ட வனத்துறையின் அனுமதி கட்டாயம் வேண்டும். பட்டா நிலமாக இருந்தால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மண்ணைத் துளைத்தெடுக்கும் திருகுக் கருவியான ஆகரால் எடுத்த மண்ணில் அடுக்குகள் குழம்பி, துருக்கோடுகள் களியோடு இழுபட்டு அழிந்துவிடும். ஆகவே மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு, ஒரு முழத்துக்குச் சற்று மேல், அதாவது 50 செ.மீ. ஆழத்துக்குக் குழி எடுங்கள். ஒரு பக்கச் சுவரை மட்டும் கருவி படாமல் விட்டு, கத்திமுனையால் மெல்ல நெம்பிப் பெயர்த்து, இயற்கையாக உடையும் முகத்தைப் பாருங்கள். மண்வெட்டி இழுத்த வழவழப்பான முகம் எதையும் காட்டாது. நிறம் மாறும் ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒரு கட்டியை எடுத்துக் கையால் உடைத்து, மேலும் நனைத்தாலும் நிறம் மாறாது என்ற நிலை வரும்வரை தண்ணீர் தெளித்து, நல்ல வெயில் வெளிச்சத்தில் மண் நிறங்களின் மாதிரிகள் கொண்ட மன்செல் வண்ண ஏட்டோடு ஒப்பிடுங்கள். காய்ந்த மண்ணின் நிறத்தைக் குறித்துக்கொண்டு வருவதுதான் கோடையில் நான் அதிகம் பார்க்கும் பிழை. காய்ந்த மண் வெளிறித் தெரிவதால், மேட்டு மண்கூடச் சாம்பலாகத் தோன்றும். காலை, மாலை மஞ்சள் வெயிலும் கறுப்புக் கண்ணாடியும் நிறத்தை மாற்றிக் காட்டும். கைப்பேசிப் படத்தை வைத்து நிறம் குறிக்க வேண்டாம். வண்ண ஏடு கையில் இல்லையென்றால் அருகிலுள்ள வேளாண் கல்லூரியில் இரவல் கேட்டுப் பாருங்கள்.

அந்த ஏட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று அளவுகள் உண்டு: எந்தச் சாயல், எவ்வளவு வெளிர், எவ்வளவு செறிவு. நமக்கு முக்கியமானது மூன்றாவது. செறிவு 2 அல்லது அதற்கும் குறைவு என்றால் இரும்புப் பூச்சு பெருமளவு போய்விட்டது என்று பொருள் கொள்ளலாம். 3, 4 என்று ஏறினால் பூச்சு இன்னும் இருக்கிறது. அமெரிக்க வேளாண் துறை தன் நாட்டு மண்ணுக்காகத் தொகுத்துள்ள கள அடையாளங்களில், களியும் வண்டலும் கலந்த மண்ணுக்கு மிகவும் பயன்படுவது இது: அடுக்கின் பரப்பில் 60 விழுக்காடோ அதற்கு மேலோ செறிவு 2 அல்லது குறைவான, வெளிர்மை 4 அல்லது அதற்கு மேற்பட்ட சாம்பலாக இருக்க வேண்டும். அந்த அடுக்கு தரைமட்டத்திலிருந்து 25 செ.மீ. ஆழத்துக்குள் தொடங்கி, குறைந்தது 15 செ.மீ. தடிமன் கொண்டிருக்க வேண்டும். சாம்பல் அவ்வளவு வெளிறாமல் இருக்கும்போது, கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் துருப்புள்ளிகளும் 2 விழுக்காடாவது சேர்ந்திருக்க வேண்டும். இவை அவர்களுடைய மண்ணைப் பல்லாண்டுகள் பார்த்து வகுத்தவை. நம் மண்ணுக்கு அப்படியே சட்டமாகக் கொள்ளக் கூடாது. ஆயினும் எந்த ஆழத்தில், எவ்வளவு பரப்பில், எவ்வளவு தடிமனில் என்ற மூன்று கேள்விகளையும் கட்டாயம் கேட்க வைக்கும் ஒழுங்கு அவற்றில் இருக்கிறது. அதற்காகவே அவற்றைப் பயன்படுத்தச் சொல்கிறேன். ஆழத்தை மறந்துவிட்டால், மேட்டு நிலத்தில் 60 செ.மீ.க்குக் கீழே தென்படும் சாம்பலைக் காட்டி அதையும் சதுப்பு என்று சொல்லிவிடுவீர்கள். நிலத்தடி நீர் மழைக்காலத்தில் அந்த ஆழம்வரை ஏறுவது மேட்டிலும் நடக்கும்.

இந்த அடையாளங்களில் எனக்கு மிகுந்த நம்பிக்கை உள்ள ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கோரை வளர்ந்த இடத்தில், பத்துப் பன்னிரண்டு செ.மீ. ஆழத்திலிருந்து ஒரு கட்டியைப் பெயர்த்து இரண்டாக உடையுங்கள். சாம்பல் நிறக் களிக்குள் ஓடும் வேரைச் சுற்றி, நூல் சுற்றியது போல ஆரஞ்சு நிறத் துரு ஒட்டியிருக்கும். கையிலெடுத்து லேசாகக் கீறினால் அந்தத் துரு ஒரு மெல்லிய உறையாகக் கழன்று வரும். அதன் வெளி விளிம்பு கோடு கிழித்தது போல முடியாமல், சாம்பலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிப் போகும். கோரை, சம்பு போன்ற நீர்த் தாவரங்கள் தங்கள் தண்டிலுள்ள காற்றறைகள் வழியாக ஆக்சிஜனை வேருக்கு இறக்குகின்றன. அதில் ஒரு பகுதி வேரிலிருந்து வெளியே கசிந்து, சுற்றிலும் கரைந்து நிற்கும் இரும்பைத் துருவாக்குகிறது. உயிருள்ள வேரைச் சுற்றி இப்படிப்பட்ட உறை இருக்குமானால், அந்தச் செடி வளர்ந்த பருவத்தில் அந்த ஆழத்தில் ஆக்சிஜன் இல்லாத நீர் நின்றது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. கோடையில் மேல்வேர்கள் காய்ந்திருந்தாலும், கோரைக்கிழங்கை ஒட்டிய வேர்களில் இது கிடைக்கும். பொறுமையாகத் தேடுங்கள்.

மங்கும் விளிம்பு என்று நான் சொன்னதைக் கவனியுங்கள், ஏனென்றால் செம்மண் சரிவில் அதுதான் உங்களைக் காப்பாற்றும். புதுச்சேரிக்கு வடக்கேயுள்ள அந்தச் செம்மண் மேட்டில் இரும்பேறிய சரளைக்கற்கள் நிறைய உண்டு. மிளகு அளவிலும் சுண்டைக்காய் அளவிலும் கருஞ்சிவப்பாகக் கிடக்கும் அவை, மழையில் உருண்டு சரிவின் அடிவரை வந்து சேரும். அவையும் இரும்புதான் என்பதால் துருப்புள்ளியாக எண்ணிக் கணக்கில் சேர்த்துவிடத் தோன்றும். சேர்க்க வேண்டாம். விளிம்பு கூர்மையாக இருந்து, விரலால் நெம்பினால் மண்ணிலிருந்து தனியே கழன்று விழும் கெட்டியான முடிச்சு, மிகப் பழைய காலத்துக்கு உரியதாகவோ வேறிடத்திலிருந்து வந்ததாகவோ இருக்கும். இன்றைய நீர்நிலையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. செம்மண்ணில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதன் சிவப்புக்குக் காரணமான இரும்புக் கனிமம் எளிதில் கரைந்து கொடுப்பதில்லை. உண்மையிலேயே நீர் நிற்கும் இடத்திலும் சிவப்பு நெடுநாள் மாறாமல் இருக்கலாம். எனவே சரிவின் அடியில் முழுச் சாம்பலை எதிர்பார்க்காமல், வேர்த்துளைகளைச் சுற்றி நிறம் வெளுத்த மெல்லிய கோடுகள் தென்படுகின்றனவா என்று பாருங்கள். அங்கே மண்ணை மட்டும் வைத்து முடிவு சொல்லாமல், தாவரத்தையும் நீர்த் தடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெரியவர் சொன்ன கருத்த மண்ணுக்கு வருகிறேன். அவருடைய அனுபவத்தை மதிக்கிறேன். கழுவெளியின் நடுப்பகுதியைப் பற்றி அவர் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால் எல்லையில் கறுப்பு நிறம் உதவாது. கரிசலின் கறுப்பு, களியோடு மட்கு இறுகப் பிணைந்திருப்பதால் வருவது. ஒரு நாளும் நீர் தேங்காத மானாவாரிக் காட்டிலும் அதே கறுப்பு இருக்கும். அது மட்டுமன்றி, அந்தக் கறுப்பு தனக்குள் இருக்கும் சாம்பலையும் துருவையும் மறைத்துவிடுகிறது. கோடையில் வெடிப்பு விழுந்து மேல்மண் உள்ளே சரிவதால் அடுக்குகளும் கலந்துபோகின்றன. சுண்ணாம்பு மிகுந்து கார நிலை ஏறிய மண்ணில் இரும்பு கரைவதே கடினமாகிவிடுவதால், தடம் இன்னும் மங்கலாகும். இத்தகைய மண்ணில் கறுப்பு அடுக்கு எங்கே முடிகிறதோ அங்கேதான் தேட வேண்டும். கறுப்பு ஆழமில்லாமல் முடிந்து அதற்கு உடனடிக் கீழே, 30 செ.மீ.க்குள், செறிவு குறைந்த சாம்பல் தொடங்கினால் அது வலுவான அடையாளம். கறுப்பு அதற்கும் கீழே நீண்டால், கட்டிகளை உடைத்து அவற்றின் முகங்களிலும் வேர்த்துளைகளிலும் துரு ஒட்டியிருக்கிறதா என்று, முடிந்தால் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சுக்கான் கற்கள் கிடப்பதை இரண்டு பக்கத்துக்கும் சான்றாகக் கொள்ள வேண்டாம். அவை மேட்டிலும் பள்ளத்திலும் இருக்கும்.

அளவர் சொல்லும் நாற்றத்தில் பாதி உண்மை இருக்கிறது. அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவால் வருவது. சல்பேட் வரை நுண்ணுயிர்கள் இறங்கிவிட்டன என்பதற்கு, அதாவது இரும்பையெல்லாம் தாண்டிய நிலைக்கு, அது அறிகுறி. தோண்டிய உடனே 30 செ.மீ.க்குள் அந்த நாற்றம் வந்தால் அந்த இடம் சதுப்பு மண் என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் நாற்றம் இல்லாததைக் காரணம் காட்டிச் சதுப்பு இல்லை என்று எழுதக் கூடாது. கடல்நீர் கலக்கும் பகுதியில் சல்பேட் மிகுதி என்பதால் நாற்றம் எளிதில் வரும். நன்னீர் நிற்கும் பக்கத்தில், அதே அளவு ஊறிய மண்ணிலும் வராமல் போகும். மேலும், எல்லையில் இருக்கும் மண் ஆண்டில் சில மாதமே ஊறுவதால் பெரும்பாலும் அந்த நிலைவரை இறங்குவதே இல்லை. நாற்றத்தை மட்டும் நம்பினால் எல்லைக் கோடு தண்ணீரை நோக்கி வெகுதூரம் உள்ளே போய்விடும். பறிபோவது பருவகாலச் சதுப்புதான், அதாவது பறவைகள் மேயும் ஆழமற்ற விளிம்புதான். இதற்கு எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. சாக்கடை வந்து கலக்கும் இடத்தில் கறுத்த சேறும் நாற்றமும் எந்த மண்ணிலும் உண்டாகும். சென்னையின் பள்ளிக்கரணை போலக் கழிவுநீரும் குப்பைக் கிடங்கும் நெருங்கிவிட்ட சதுப்பில் வேலை செய்பவர்கள் இதை எப்போதும் மனத்தில் கொள்ள வேண்டும்.

நெல் வயல் தனியாகப் பேச வேண்டிய ஒன்று. சேறடித்து, நீர் கட்டி, ஆண்டுக்கு ஒரு போகமோ இரண்டு போகமோ நட்டுவரும் வயலின் மேல்மண்ணில் சாம்பலும் வேரைச் சுற்றிய துருவும் நிச்சயமாக இருக்கும். நெற்பயிரும் தன் வேருக்குக் காற்றை இறக்கும் செடிதான். இருபது செ.மீ. தோண்டி நிறுத்தினால் வயலுக்கும் சதுப்புக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் வயலில் அந்த நீர் மேலிருந்து வந்தது. உழவால் இறுகிய கடினத் தட்டு அதைத் தாங்கி நிற்கிறது. தட்டுக்குக் கீழே நீர் அதிகம் இறங்காததால், மேட்டு நிலத்தில் அமைந்த வயலில் கீழ்மண் பழுப்பாகவே இருக்கும். மேலே சாம்பல், நடுவே இறுகிய தட்டு, கீழே பழுப்பு என்று அடுக்கு தலைகீழாக இருந்தால் அது மனிதர் நீர் கட்டியதால் வந்த நிறம். தட்டைத் தாண்டியும் சாம்பல் விடாமல் தொடர்ந்து, கீழே போகப் போகக் கூடிக்கொண்டே போனால், அந்த வயலே சதுப்பை வெட்டித் திருத்தியதாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஆகவே வயலில் மட்டும் 50 செ.மீ.யோடு நிற்காமல் 80 செ.மீ. வரை போங்கள். மண் என்ன சொல்கிறது என்பதும் சட்டம் எதைச் சேர்க்கிறது என்பதும் இங்கே வேறு வேறு. 2017 ஆம் ஆண்டு விதிகள் நெல் வயலையும், பாசனத்துக்கென்றே அமைத்த நீர்நிலைகளையும், உப்பளங்களையும் தம் வரையறையிலிருந்து விலக்கியிருக்கின்றன. உங்கள் குறிப்பேட்டில் மண்ணைப் பற்றிக் கண்டதை மட்டும் எழுதுங்கள். விலக்கு பொருந்துமா என்று முடிவு செய்வது அதற்குரிய அதிகாரிகளின் வேலை.

கிழக்கே மணல் பக்கம் வேலை சுருக்கம், உறுதியும் குறைவு. மணலில் இரும்பு ஏற்கனவே குறைவு என்பதால் சாம்பல் நிறம் அங்கே எதையும் நிறுவாது. மேல் 15 செ.மீ.க்குள் மட்கு சேர்ந்து கறுத்த மணல், அதற்குக் கீழே வெளுத்த திட்டுகளும் பூச்சு போகாத திட்டுகளும் மங்கலான விளிம்போடு கலந்த அமைப்பு, இவற்றைத் தேடுங்கள். காற்று கொண்டு வந்து போட்ட புதிய மணல் மேலே மூடியிருந்தால் அதை ஒதுக்கிவிட்டு அடியில் பாருங்கள்.

சவுடு கொட்டி நிரவிய இடத்தைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ உங்கள் கடிதத்தில் அதுதான் மிகவும் கவலை தந்த வரி. அங்கே மேற்பரப்பைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. கொட்டிய மண்ணை முழுவதும் கடந்து அடிமண்ணைத் தொடும்வரை தோண்ட வேண்டும். செங்கல் துண்டு, பிளாஸ்டிக், கப்பி ஆகியவை கலந்த, அடுக்கு ஒழுங்கு இல்லாத மண் சட்டென்று ஒரு கோட்டில் முடியும். அதற்குக் கீழே நசுங்கிப் படிந்த பழைய புல்வேர்களும் கோரைத்தண்டுகளும் மெல்லிய கறுத்த படலமாகக் கிடக்கும். அந்தப் படலம்தான் பழைய தரைமட்டம். நிறம், ஆழம் எல்லாவற்றையும் அங்கிருந்தே அளக்கத் தொடங்குங்கள். கொட்டிய மண்ணின் உயரத்தையும் எழுதி, அளவு நாடா தெரியும்படி நாலு பக்கச் சுவர்களையும் படமெடுத்து, பழைய தரைமட்டத்தை ஆணி அடித்துக் காட்டுங்கள். மண் மூடிய சில ஆண்டுகளில் சாம்பலும் துருவும் அழிந்துவிடாது. எனவே அந்த இடம் முன்பு என்னவாக இருந்தது என்பதை நிறுவ இன்னமும் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் கட்டடத்துக்கு அடித்தளம் வெட்டிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். மற்ற இடங்களுக்கு முன் இதைச் செய்யுங்கள்.

கோடு போடும் முறைக்கு வருவோம். நீர்ப்பக்கத்திலிருந்து மேட்டை நோக்கி, விளிம்புக்குச் செங்குத்தாக ஒரு நேர்கோட்டில் நடங்கள். ஐயமில்லாத இரண்டு குழிகளையும் முதலில் தோண்டுங்கள். பிறகு இரண்டுக்கும் நடுவில் ஒன்று. அது எந்தப் பக்கத்தை ஒத்திருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கப் பாதியில் மீண்டும் நடுவில் ஒன்று. தட்டையான நிலத்தில் ஐந்து மீட்டர் இடைவெளிக்குள் வந்ததும் நிறுத்திவிடலாம், அதற்கு மேல் நுணுக்கம் காட்டுவது மண்ணில் இல்லாத துல்லியத்தைப் பாவனை செய்வதாகும். மண் மாறும் அதே இடத்தில் தரைச் சரிவும் சற்றே மாறுவதையும், கோரையும் உமரியும் நின்று மேட்டுப் புல் தொடங்குவதையும் பெரும்பாலும் காண்பீர்கள். 1987 இல் வெளிவந்த அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் கையேடு முதலே மண், தாவரம், நீர் மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது அங்கே வழக்கமாக இருக்கிறது. மூன்றும் ஒரே இடத்தில் மாறினால் கோடு உறுதியானது. சீமைக்கருவேலம் மட்டும் நிற்பதை எந்தப் பக்கத்துக்கும் சான்றாகக் கொள்ள வேண்டாம், அது இரண்டு பக்கத்திலும் வளரும். இப்படி இன்னொரு நேர்கோடு, அதன் பிறகு இன்னொன்று என்று எடுத்து, கிடைத்த புள்ளிகளை ஒரே உயரமட்டத்தை ஒட்டி இணையுங்கள். கைப்பேசி ஜி.பி.எஸ். சில மீட்டர் தவறிக் காட்டும் என்பதால், ஒவ்வொரு புள்ளிக்கும் அருகிலுள்ள சர்வே கல்லிலிருந்து நாடா பிடித்துத் தூரமும் எழுதிவையுங்கள். பின்னால் புல வரைபடத்தில் ஏற்றும்போது அது கைகொடுக்கும்.

இப்படி வந்த மண்கோடும், சட்டம் கேட்கும் கோடும் ஒன்றல்ல என்பதைக் குழுவில் எல்லோருக்கும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். 2017 ஆம் ஆண்டு விதிகள், முந்தைய பத்தாண்டுகளில் காணப்பட்ட சராசரி உயர்வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர வேறு நிரந்தரக் கட்டுமானத்தைத் தடை செய்கின்றன. வெள்ளம் ஏறி இரண்டு மூன்று நாளில் வடிந்துவிடும் இடத்தில் இரும்பு கரையும் அளவுக்கு நேரம் கிடைப்பதில்லை. மண்ணில் தடமும் விழாது. எனவே மண்கோடு பெரும்பாலும் உயர்வெள்ளக் கோட்டுக்கு உட்பக்கமாகவே அமையும். "மண் இதுவரைதான் காட்டுகிறது, எனவே வெள்ளக் கோடும் இதுதான்" என்று யாராவது உங்கள் குழிகளையே காட்டி வாதாடினால் இடம் கொடுக்காதீர்கள். மண்கோடு சொல்வது, குறைந்தபட்சம் இதுவரை சதுப்பு என்பது மட்டுமே. வெள்ளக் கோட்டுக்கு மரத்தண்டிலும் மதகுச் சுவரிலும் உள்ள நீர்க்கறை, வேலியில் சிக்கிய சருகு, பழைய மழைக்காலச் செயற்கைக்கோள் படம், ஊராரின் வாக்குமூலம் ஆகியவற்றைத் தனியாகத் திரட்டுங்கள். அந்தப் பெரியவர் மிகவும் உதவக்கூடிய இடம் இதுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் முடிவு சொல்ல முடியாத குழிகள் சில மிஞ்சும். பெரஸ் இரும்பைக் காட்டும் ஆல்ஃபா ஆல்ஃபா டைபிரிடில் கரைசலைச் சிலர் பரிந்துரைப்பார்கள். ஈரமாக உடைத்த கட்டியில் அதைத் தெளித்து இளஞ்சிவப்பு நிறம் வந்தால், அந்த நேரத்தில் அங்கே பெரஸ் இரும்பு இருக்கிறது. மண்வெட்டி பட்ட முகத்தில் தெளித்தால் கருவியின் இரும்பே நிறம் காட்டிவிடக்கூடும். கோடையில் காய்ந்த மண்ணில் நிறம் வராமல் போவதற்கும் பொருள் எதுவும் இல்லை. ஆகவே அதை மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இன்னொன்றும் பார்க்கலாம்: நீருக்குள்ளிருந்து எடுத்த நீலச்சாம்பல் கட்டியை உடைத்து நிழலில் வைத்தால், அரை மணி நேரத்துக்குள் அதன் மேற்புறம் பழுப்பேறத் தொடங்கும்.

ஐயத்துக்குரிய குழிகளுக்கு நான் நம்பும் வழி, சாதாரண பிவிசி குழாய். செப்டம்பர் முடிவதற்குள், துளையிட்ட குழாய் ஒன்றை 50 செ.மீ. ஆழத்துக்கு இறக்கி, சுற்றிலும் மேற்புறத்தைக் களியால் அடைத்துவிடுங்கள். மழைநீர் குழாயை ஒட்டி இறங்கினால் அளவு பொய்யாகிவிடும். அக்டோபர் முதல் ஜனவரி வரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை உள்ளே நீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று குச்சி விட்டு அளந்து, தேதியோடும் அன்றைய மழையோடும் எழுதுங்கள். தொடர்ந்து 14 நாள் மண் ஊறிக் கிடப்பதை அமெரிக்க மண்ணியலாளர்கள் தங்கள் தரநிலையில் ஓர் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். தரைமட்டத்திலிருந்து 30 செ.மீ.க்குள் நீர் அவ்வளவு நாள் நின்றால், அந்தக் குழியை உட்பக்கமாகக் கொள்ளலாம். புயல் மழை பெய்த ஓர் ஆண்டின் அளவை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு செய்யாமல், மழை சராசரிக்கு அருகில் இருந்த ஆண்டு ஒன்றும் அதில் சேரும்வரை குழாயை எடுத்துவிடாதீர்கள். அதுவரை அந்தப் புள்ளியை வரைபடத்தில் முழுக்கோடாக இல்லாமல் விட்டுவிட்டுப் போகும் கோடாகக் குறித்து, காரணத்தை ஓரத்தில் எழுதுங்கள். தோண்டிய குழிகளை அன்றே மூடிவிடுங்கள். ஆடுகள் மேய்கின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.